மெத்தைக் கடைக்காரர் மகளும் ஆறு மணி அலாரமும்

பூந்தமல்லியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் ஹாஜா மொய்தீனின் ஒரே மகள் ஷிபாவுக்கு இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை. இருபத்திரண்டு வயதில் வேலையை விட்டாள், தோழிகளை விட்டாள், கடைசியில் தலை வாருவதையும் விட்டாள். உறவுக்கூட்டம் வாய்க்கு வந்ததைப் பேசியது. சோம்பேறியாம், கொழுப்பாம், நிக்காஹ் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமாம். உனக்கு என்னம்மா செய்கிறது என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

கேட்டது போன் திரையில் வந்த ஒரு மனநல ஆலோசகர் அம்மாள்தான். தூக்கத்துக்கென்று ஆறு வார ஆன்லைன் சிகிச்சை. தூக்கம் சீரானால் மனச்சோர்வும் குறையலாம் என்று மனநல டாக்டர் ஒருவர் சேர்த்துவிட்டது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால்தான் இரவில் தூக்கம் சேர்ந்து வரும் என்கிற கெடுபிடியான சிகிச்சை. இரவு ஒரு மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். பகலில் மெத்தைப் பக்கமே போகக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். மூன்றாவது வாரம் தொடர்ந்து மூன்று நாள் நன்றாகத் தூங்கினாள். காலையில் தானாகப் பசித்தது.

பெற்றவருக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தூங்கவிடாமல் அடிப்பது என்ன வைத்தியம் என்று மனைவி வஹீதுன்னிசாவிடம் பொருமினார். புதுப் பஞ்சு அடைத்து மகளுக்கு மெத்தை தைத்துப் போட்டார். நான்காம் நாள் விடியற்காலை பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவர், அவள் அசந்து தூங்குவதைப் பார்த்து அவள் போனில் இருந்த ஆறு மணி அலாரத்தை அணைத்தார். மிக்சி போடக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு வேறு.

ஷிபா விழித்தபோது மணி பதினொன்று. அன்றிரவு பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாளும் அப்படியே. பழைய பாரம் மறுபடி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அதற்கடுத்த காலை அவர் திரும்பவும் அலாரத்தில் கை வைக்க, விழித்தே கிடந்தவள் போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு செவந்து கீதும்மா, கொஞ்ச நேரம் படு," என்றார்.

"ரெண்டு வருஷமா படுத்துகினுதானே கெடந்தேன்? செத்துப் பூடலாம்னு எனக்குத் தோணினதெல்லாம் அப்பதான். இன்னா தெரியும் ஒனக்கு?"

ஹாஜா மொய்தீன் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எத்தினி வாட்டிம்மா தோணுச்சு?"

"எண்ணல அத்தா. தூங்கின மூணு நாளு மட்டும் தோணல."