விமானம் ஓடாத நாள்

சீனக்குடாவிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று மருமகன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தார். தூரம் இத்தனை, பறக்கும் நேரம் முக்கால் மணித்தியாலம் என்று அது உடனே சொல்லிற்று. இயந்திரங்களின் தன்னம்பிக்கை எனக்குப் பிடிக்கும். மேசையை விட்டு எழும்பி விமானம் வரை போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

எங்கள் காலத்தில் அவசரம் தந்தியில் வரும். தந்திக் கடதாசியில் மாப்பசை வாசம் இருக்கும். துறைமுக அலுவலகத்தில் நாங்கள் உறை ஒட்டிய பசைக்கும் அதே வாசம்தான். கொழும்பிலிருந்து அக்கா அடித்த தந்தி காலை பத்து மணிக்குக் கையில் கிடைத்தது: அம்மாவுக்குக் கடுமை, உடனே வா.

விமானம் இரண்டரைக்கு. அந்தக் காலத்து விமானம்; கொழும்பு இரத்மலானைக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். இருக்கை பிடித்தாயிற்று, காரும் வாசலில் வந்து நின்றது. விடுமுறைக் கடிதமும் எழுதியாயிற்று. கையெழுத்து வைக்க வேண்டிய எங்கள் அலுவலகத் துரைதான் மூதூர்ப் பக்கத்து வெளிச்சவீட்டைப் பார்வையிட லோஞ்சுப் படகில் போயிருந்தார். எழுத்தில் அனுமதி பெறாமல் எவரும் மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவன் நான். நடை நன்றாக இருக்கிறதென்று பாராட்டும் வாங்கியிருந்தேன். அதை மீறியதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்று, குடாவைப் பார்த்தபடி இருந்தேன்.

பியோன் ஹனீபா காக்கா கிண்ணியாக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர்; அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்போம். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க போங்க. துரை வந்தா நான் கதைக்கிறன்."

"கையெழுத்து இல்லாமல் ஏலாது காக்கா."

"உங்கட உம்மாட மூச்சுக்கும் துரைதான் கையெழுத்து வைக்கணுமா?"

அலுவலக விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று அந்த மனிதரிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது.

வழக்கமாகப் பிந்தும் விமானம் அன்று நேரத்துக்கே கிளம்பி, உள்துறைமுகத்துக்கு மேலால் வளைந்து போயிற்று. அதன் நிழல் தண்ணீரில் ஓடியதைக்கூடப் பார்த்தேன். காரைத் திருப்பி அனுப்பினேன். துரை நாலு மணிக்கு வந்தார். கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் ஐசே, போயிட்டு வந்து தந்திருக்கலாமே?"

ரயிலில், கல்லோயாவில் இறங்கி மாறி, மறுநாள் காலை வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். அக்கா அழவில்லை.

"கார்ச் சத்தம் கேட்டால் அம்மா கண்ணைத் திறப்பா. ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு திறக்கேல்லை," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நேற்று பிளேன் ஓடேல்லையோ?"

"ஓம் அக்கா. ஓடேல்லை."

அந்தப் பயணிகள் விமான சேவை பின்னர் நின்றுபோயிற்று. துரையும் ஹனீபா காக்காவும் காலமாகிவிட்டார்கள். வெள்ளவத்தை வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அக்கா போன மார்கழியில் போனாள், அன்று விமானம் ஓடவில்லை என்று நம்பிக்கொண்டே. இனி உண்மையைச் சொல்ல எனக்கு ஆளில்லை.