கரண்டு இருந்தா நாலு சேலை

சங்கரன்கோவில்ல எங்க பவர்லூம் செட்டுல எனக்குப் பக்கத்துத் தறிய ஓட்டுனவன் ஒருத்தன் இருக்கான். அவனப் பத்தி எவனாவது பேச ஆரம்பிச்சாலே எனக்கு வயிறு எரியும். கெட்டவன்னா பரவால்ல, நாலு வசவு வஞ்சிட்டுப் போயிரலாம். நல்லவனா இருந்து தொலைக்கான், அதான் கடுப்பு.

நான் ஒம்பதாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிட்டுத் தறிக்கு வந்தவன். அவன் பன்னெண்டு பாஸு. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். ஆனா நான் வாயத் தொறந்தா செட்டே சிரிக்கும். அவன் வாயத் தொறக்கவே மாட்டான்.

அவன் அம்மா கைத்தறி நெய்யிறவ. நான் அத்தேன்னு கூப்பிடுவேன். வீட்டுக்குள்ளயே குழித்தறி, ஊர்ல உள்ள ஒரு நெசவுச் சங்கத்துல மெம்பரு. சங்கம் பாவு குடுத்தாத்தான் நெய்ய முடியும். பாவுன்னா தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டுற நூலு. அத்தைக்கு ரொம்ப நாளா பாவு வரல. போய்க் கேட்டா, "நூலே வரலம்மா"ம்பாவ.

நூலு வந்துச்சு. எங்க செட்டுக்கு வந்துச்சு. நாங்க பவர்லூம்ல ஓட்டித் தள்ளுவோம், சேலை ஆட்டோவுல ஏறி சங்கத்துக்குப் போவும், அங்கன கைத்தறின்னு சீலு விழும். பெறவு கைத்தறி வெலைதான். இது எல்லாருக்கும் தெரியும். இத வச்சு நான் அடிக்காத ஜோக்கு இல்ல. டீக்கடையில போய், "எங்க மொதலாளிக்குக் கை ரொம்ப நீளம் அண்ணாச்சி, அவரு தொட்டா பவர்லூமே கைத்தறி ஆயிருது"ன்னு சொன்னா கடையே சிரிக்கும். சிரிச்சிட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிருவாவ.

ஒரு நாளு மெட்ராஸ் கைத்தறி ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் சங்கத்தப் பாக்க வாராவன்னு தகவல். சங்கத்துல ஆளில்லாம கெடந்த குழித்தறியெல்லாம் தூசி தட்டிப் பாவு பூட்டுனாவ. உக்கார ஆள் வேணும்லா. நெசமான கைத்தறிக்காரங்கள உக்கார வச்சா எங்க பாவு எங்கன்னு கேட்டுருவாவ. அதனால எங்க மொதலாளிகிட்ட ஆள் கேட்டாவ.

"ஏலே, சும்மா குழியில காலை விட்டு உக்காருங்க போதும். மத்தியானம் பிரியாணி"ன்னாரு சங்கத்துச் செக்கரட்டரி.

மொதக் கை தூக்குனது நான்தான். அவனும் வந்தான். இவன் எதுக்கு வாரான்னு எனக்கு அப்பத் தோணல.

இதுல ஒரு விஷயம் சொல்லணும். பவர்லூம்காரனுக்கு மெதுவாப் பேச வராது. செட்டுக்குள்ள தறி போடுற சத்தத்துல பக்கத்துல நிக்கவன் காதுல வாய வச்சுக் கத்தணும், இல்லன்னா கையால ஜாடை காட்டணும். வீட்டுக்குப் போனாலும் அதே தொண்டைதான். "சோறு கேக்கியா, சண்டைக்குக் கூப்பிடுதியா"ம்பா எங்க அம்மா. கைத்தறி அப்படி இல்ல. டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம், நடுவுல ரகசியமே பேசிரலாம்.

மேடம் உள்ள வந்தாவ. மொதத் தறியில இருந்தவருகிட்ட, "எவ்வளவு நாளா நெய்யறீங்க ஐயா?"ன்னு மெதுவாக் கேட்டாவ.

"சின்ன வயசுல இருந்து மேடம்"னு அவரு போட்ட போடுல மேடம் பின்னால போயிட்டாவ. அடுத்தவரு அதுக்கு மேல. அதுக்கும் அடுத்தவரு பதிலே பேசாம கைய ஆட்டி ஜாடை காட்டுதாரு. செக்கரட்டரி மூஞ்சி சுண்ணாம்பு மாரி வெளுத்துட்டு. "எல்லாருக்கும் கொஞ்சம் காது மந்தம் மேடம்"ங்காரு. நான் சிரிப்ப அடக்கிட்டு உக்காந்திருக்கேன்.

எங்கிட்ட வந்தாவ. "ஒரு நாளைக்கு எத்தனை சேலை நெய்வீங்க தம்பி?"

"கரண்டு இருந்தா நாலு மேடம்."

வேணும்னேதான் சொன்னேன். கைத்தறிக்கு எதுக்குவே கரண்டு? எல்லாரும் சிரிச்சாவ. மேடமும் சிரிச்சாவ. "இவன் இப்படித்தான் மேடம், கிண்டல் புடிச்ச பய"ன்னு செக்கரட்டரி சொல்ல, மேடம் அடுத்த தறிக்குப் போயிட்டாவ.

அங்கன அவன். அதே கேள்வி. குழியில இருந்து காலை எடுத்து எந்திரிச்சு நின்னான். கத்தல. அவன் எப்படித்தான் கத்தாமப் பேசுனான்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கல.

"இந்தத் தறி எனக்கு ஓட்டத் தெரியாது மேடம். இங்கன இருக்க யாருக்கும் தெரியாது. நாங்க பவர்லூம். எங்க அம்மாவுக்குத் தெரியும், அவளுக்குத்தான் பாவு குடுக்க மாட்டக்காவ."

ஒருத்தரும் சிரிக்கல. மேடம் கண்ணாடியக் கழட்டிட்டு அவனையே பாத்தாவ. எனக்குன்னா பத்திக்கிட்டு வருது. நான் சொன்னதத்தானவே அவனும் சொன்னான்? என்ன, மூஞ்ச உம்முன்னு வச்சிக்கிட்டுச் சொன்னான். பிரியாணி வந்துச்சு. நான் மட்டும்தான் தின்னேன். ருசியே இல்ல.

மறுநாளே அவன செட்டுக்கு வர வேண்டாம்னுட்டாவ. அன்னையில இருந்து ஊர்ல அவன் ராஜா. அவன் ரோட்டுல போனா, "அந்தா போறாம்லா, அவன்தான்"ங்காவ. எங்க அம்மா எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, "பெத்தா அப்படி ஒண்ணப் பெறணும்"ங்கா. செட்டுல தார்க்கட்டையில நூலு சுத்துற பிள்ளை ஒண்ணு, நான் எதச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கும். அது சொல்லுது, "அவிய இல்லாம செட்டே வெறிச்சின்னு கெடக்கு"ன்னு. அவியளாம். போன வாரம் வரைக்கும் ஏலேன்னு கூப்பிட்டவ. நான் இன்னும் அவளுக்கு லூசுதான்.

மேடம் மறுபடி விசாரிக்க வாராவன்னு தெரிஞ்சதும் சங்கத்துல ஒரு கதை கட்டுனாவ. அவன் அம்மாவுக்குப் பாவு கெடைக்கலன்னு கோவம், அதான் இல்லாததும் பொல்லாததும் சொல்லுதான்னு. இன்னொருத்தனும் போய்ச் சொன்னாத்தான் அவன் சொன்னது நிக்கும். அவன் என்னையத் தேடி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தான்.

"மக்கா, நீ வந்து சொல்லுதியா?"

"ஏன், ஹீரோவுக்குக் கூட ஒரு காமெடியன் வேணுமோ?"

"ஒனக்கு இதுல ஒரு ஆதாயமும் இல்ல. நீ சொன்னா நம்புவாவ."

"நான் சொல்லி எவம்லே நம்பிருக்கான்?"

அவன் டீய ஆத்திக்கிட்டே இருந்தான். பெறவு, "அம்மா தறி மேல துணி காயப் போட்டிருக்காலே"ன்னான்.

அத்தைக்காகத்தான் போனேன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். பாதி அதுக்குத்தான். மீதி, அவன் ஒருத்தனாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு ஆயிரக் கூடாதுல்லா.

மேடம் முன்னால போய் உக்காந்தேன். "சிரிக்காமச் சொல்லுங்க தம்பி"ன்னாவ. நான் எங்க சிரிச்சேன், என் மூஞ்சியே அப்படித்தான். ஜோக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு நாக்கு நுனியில வந்து நிக்குது. அம்புட்டையும் முழுங்குனேன். நூலு எங்க எறங்கும், சேலை எப்படிப் போவும், சீலு எங்க வச்சுக் குத்துவாவன்னு எல்லாத்தையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன், வேற எப்படிச் சொல்ல? வெளிய நின்ன செக்கரட்டரிக்கே கேட்டிருக்கும்.

முடிச்சதும், "நீங்க பவர்லூம்தான், சந்தேகமே இல்ல"ன்னாவ மேடம். இந்தத் தடவையும் சிரிச்சாவ, ஆனா நம்புன சிரிப்பு.

சாயங்காலம் எனக்கும் செட்டுல வேலை இல்லன்னுட்டாவ.

பெறவு செக்கரட்டரிய மாத்துனாவ. கைத்தறி வீடுகளுக்குப் பாவு வர ஆரம்பிச்சிச்சு. நான் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை குழிக்குள்ள உக்காந்து நெய்யுதா. அவன் ஒரு ஓரமாச் சாஞ்சு உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கான்.

"வாலே"ன்னா அத்தை. "பாத்தியா, என் மவன் ஒத்த ஆளா நின்னு பாவு கொண்டாந்துட்டான்."

"நானும்தான் போய்ச் சொன்னேன் அத்தே. எனக்கும்தான் வேலை போச்சு."

அத்தை தறிய நிப்பாட்டிட்டுச் சிரிக்கா. "ஒனக்கு எந்நேரமும் கிண்டலுதான் போ."

நான் அவனப் பாத்தேன். அவன் முறுக்க மென்னு முழுங்கிட்டு, "நெசந்தாம்மா"ன்னான். மெதுவா.

அத்தைக்குச் சிரிப்பு நின்னுட்டு. "அய்யோ, என் பிள்ளைக்குமா வேலை போச்சு"ன்னு எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சிக்கிட்டா. கண்ணு கலங்கிட்டு.

நான் சொன்னா சிரிக்கா. அவன் சொன்னா ஒத்த வார்த்தையில நம்பிருதா. எனக்கு வேலை போனதயும் அவன்தான் சொல்ல வேண்டியிருக்கு.