நசியாத தேசிக்காய்

என்னுடைய மனிதருக்குக் கரவன் விசர் பிடித்தது போன மாரியில். நாங்கள் இருக்கும் இல்-பிசாரில் வீட்டோடு ஒட்டி ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது என்பதே அவருக்குப் போதுமான காரணம். வந்து சேர்ந்ததோ படுக்கையும் அடுப்பும் உள்ள, எங்கள் மூத்த மகளைவிட வயது கூடிய இழுவை வண்டி. எங்கள் வாகனத்தில் பூட்டி இழுத்தால் பின்பக்கம் தெருவை உரசியது.

"அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் இடையில ஒரு இரும்புக்கட்டை வைச்சால் உயர்ந்திடும். அரை நாள் வேலை," என்றார். அவருடைய அரை நாள்கள் எனக்குத் தெரியும். குளியலறைக் குழாய்க்கும் அப்படித்தான் சொன்னார். ஒரு கிழமை முழுக்கப் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம்.

பனி கரைந்து வேலை தொடங்கிய அன்று காலை அவருடைய அக்கா வந்துவிட்டார். நகருக்குள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து பஸ் மாறி மாறி வந்த மச்சாளின் பையில் இரண்டு தேசிக்காய், பச்சை எலுமிச்சை. "முதல் இதை நசிக்க வேணும் தம்பி. பேந்து நட்டுக் கழட்டுற சாவியைத் தொடு."

அக்கா சொன்னால் அவருக்கு மறு பேச்சில்லை. சில்லுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்து, வாகனத்தைப் பூட்டிக் கரவனைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார். வலப்பக்கத்துக் காய் சாறு தெறிக்க வெடித்தது. இடப்பக்கத்துக் காயைக் காணவில்லை. மச்சாள் குனிந்து தேடினார். நானும் தேடினேன். சாறும் இல்லை, தோலும் இல்லை.

"நசியேல்லை," என்றார் மச்சாள். "சகுனம் சரியில்லை, இண்டைக்கு இதில கை வைக்காத தம்பி."

"எங்கையும் உருண்டிருக்கும் அக்கா. போய்த் தேத்தண்ணி போடுங்கோ," என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் ஒரு காய் போன இடம் தெரியாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

கரவனிலிருந்து வாகனத்தைக் கழற்றினார். இடப்பக்கம் ஜக்கை வைத்துக் கரவனைத் தூக்கி, சில்லைக் கழற்றி வேலியோடு சாத்தினார். "கீழ மரக்கட்டை ஏதும் முட்டுக் குடுங்கோவன்," என்றேன். "ஜக் புதுசு. ஆனையையும் தூக்கும்," என்றபடி மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தார். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது.

என் வேலை குமிழி பார்ப்பது. கரவனின் இடப்பக்க வாசலுக்குள் தரையில், சரிவு காட்டும் நீர்மட்டக் கருவியைக் குறுக்காக வைத்திருந்தார்; ஒரு பக்கம் தாழ்ந்தால் குமிழி மற்றப் பக்கம் போகும். அதைப் பார்த்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

"நடுவில நிக்குதோ?"

"ஓம்."

கீழே சாவி இரும்பில் தட்டும் சத்தம். பார்த்துக்கொண்டிருக்கவே குமிழி வலப்பக்கம் மெல்ல ஊர்ந்தது.

"இஞ்சருங்கோ, குமிழி போகுது."

"நீர் வண்டியில ஏறி நிக்கிறீர் போல. இறங்கும்."

"நான் நிலத்திலயெல்லோ நிக்கிறன்!"

"அப்ப காத்து. பேசாமல் இரும்."

காற்றே இல்லை. ஜக் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். சில்லு வந்த தடத்தில், ஜக்குக்கு மிகக் கிட்ட, மண்ணோடு மண்ணாக ஒரு பச்சை தெரிந்தது. விரலால் தோண்டினேன். தேசிக்காய். ஒரு கீறல் இல்லை. தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. மாரி முழுக்க இவர் அள்ளிய பனியெல்லாம் கொட்டியது இந்தப் பக்கம்தான்! மேலே காய்ந்திருந்தது, கீழே கூழ். அத்தனை பாரமும் ஏறி ஒரு காயை நசிக்கவில்லை, உள்ளே அமத்திவிட்டிருக்கிறது. ஜக்கின் அடித்தகடும் பாதி மறைந்திருந்தது.

"வெளியில வாங்கோ! நிலம் இறங்குது!"

"கடைசி நட்டு. ஒரு நிமிசம்."

"உங்கட நட்டில இடி விழ!" என்று கத்திக்கொண்டு இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, கடவுளே! முதுகு தரையில் தேய, ஏசிக்கொண்டே வந்தார். தலை வெளியே வந்த கையோடு ஜக் சரிந்தது. கரவன் பெரிதாகச் சத்தம் போடவில்லை. சொத்தென்று சேற்றில் குந்தியது, அவ்வளவுதான். நீர்மட்டம் வாசலால் வழுக்கி எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவர் நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது இரும்புச் சட்டம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கிடந்தார்.

தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த மச்சாள் சத்தம் கேட்டுக் குசினிக் கதவைத் திறந்தார். கரவன் மறைத்ததால் நாங்கள் இருந்த பக்கம் அவருக்குத் தெரியவில்லை.

"என்ன சத்தம்? தேசிக்காய் கிடைச்சுதோ?"

"ஓம் மச்சாள். முழுசா இருக்கு," என்றேன், இவருடைய காலை விடாமல்.