கள்ளுக்கடைக்குப் பின்னால் நின்ற வேன்

ஸ்பிரிட் வாடை... கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்த மாதிரி. என் கணவர் ஜெயராஜ் வேனில் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அவர் சட்டைக் கையிலிருந்து முதலில் அதுதான் வரும். அதற்கு மேல் சிவப்பு சோப்பு வாசனை.

வேனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும் மனிதர் எதற்காக முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்?

எழுபதுகளின் தொடக்கம் அது. தெலுங்கும் உருதுவும் பேசும் மல்காஜ்கிரியில் இருந்தோம். அவர் அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அங்கே ஏலத்தில் விட்ட பழைய வேன் ஒன்றை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து வந்தார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கித்தான் விரித்தார். மிலிட்டரி சாமான் விற்கும் கடையில் ஒரு கூடாரமும் வாங்கினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேதக் பக்கம், போச்சாரம் ஏரிக்கரையில் கேம்ப்.

காலனியில் வேறு யாரும் இப்படிப் போனதில்லை. சொந்தக்காரர் வீடே இல்லாத ஊருக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏரிக்கரையிலும் என் மேசை விரிப்பு இஸ்திரி போட்டதாகத்தான் இருந்தது.

நர்சாப்பூர் காடு தொடங்குவதற்கு முன்னால் ஒரு டீக்கடை. அங்கே என்னையும் சின்னவன் பிரபுவையும் இறக்கிவிடுவார். "ரேடியேட்டர் சூடாயிருச்சு, தண்ணி ஊத்திட்டு வரேன்" என்பார். பத்து வயது ஷீலாவை மட்டும் கூட்டிக்கொண்டு வேனைக் கொஞ்ச தூரம் தள்ளி ஓட்டிப் போவார். ஒரு நீள மண் சுவர், அதைச் சுற்றி ஈச்ச மரங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் வேன் மறைந்துவிடும்.

அது கள்ளுக்கடை என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா அவரிடம் வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி ஒரு வாக்கு வாங்கியிருந்தார். குடியால் என் அத்தை குடும்பம் அழிந்ததைப் பார்த்தவர் அப்பா. அந்த வாக்கை நம்பித்தான் நான் இந்த ஊருக்கு வந்தேன்.

முதல் தடவை வாடை வந்தபோது சும்மா இருந்தேன். இரண்டாவது தடவை ஷீலாவிடம் கேட்டேன். "டாடி நக்கோ போலே, மம்மி" என்றாள். சொல்லாதே என்று அப்பா சொல்லியிருக்கிறார்! பெற்ற பெண்ணையே கள்ளுக்கடைக்குக் கூட்டிப்போய், பொய்யும் பழக்குகிறாரா... அந்தக் கேம்ப் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை, வேன் சுவருக்குப் பின்னால் மறைந்ததும் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கைக்கடிகாரம், குடை. கன்னியாஸ்திரீகளிடம் படித்த நான், பட்டப்பகலில் கள்ளுக்கடைக்குள் நுழைந்தேன்.

உள்ளே என் கணவர் இல்லை.

எங்கள் சபைச் செயலாளர் இருந்தார். போன மாதம்தான் வாலிபர் கூட்டத்தில் மதுவிலக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர். கையில் கலயம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, பழக்க தோஷத்தில், "ஸ்தோத்திரம் அக்கா" என்றார்.

நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். வேறென்ன சொல்வது?

கள் ஊற்றிக்கொண்டிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு லோபலிக்கி ராலேதம்மா. பண்டி கிந்த உன்னாரு" என்றாள். உள்ளே வரவில்லையாம். வண்டிக்கு அடியில் இருக்கிறாராம்.

பின்னால் போய்ப் பார்த்தேன். வேனுக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் சீட்டின் நுனியில் ஷீலா, பெடலை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாள். தரையில் பிரேக் ஆயில் டின். நான் இத்தனை நாள் முகர்ந்த வாடை அதிலிருந்துதான் வந்தது.

பிரேக் ஆயில் ஒழுகுகிறது. வழியில் நிறுத்தி ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுத்தால்தான் காட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் அடியில் படுத்துத் திருக வேண்டும். சுவர் மறைவு, என் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

அவர் அடியிலிருந்து வெளியே வரவில்லை. "சொன்னா நீ வரமாட்டே, எஸ்தர். நீ இல்லாம எனக்கு என்ன கேம்ப்பு?"

வாக்கு உடையவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளின் உயிரை அந்த டின்னில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கிளம்பியிருக்கிறார்! அங்கேயே வண்டியைத் திருப்பச் சொன்னேன். மல்காஜ்கிரி வரை சைக்கிள் வேகத்தில் வந்தோம். பிரபு வழியெல்லாம் அழுதான்.

பிரேக்குக்குப் புது சிலிண்டர் மாட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். நான் நம்பவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஏறி நானே மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. அதன் பிறகுதான் போனோம்... இன்னும் ஆறு வருஷம்.

அவரைச் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவரும் குத்திக் காட்டியதில்லை. எப்போதாவது விருந்தாளிகள் முன்னால் மட்டும், "எங்க வீட்ல கள்ளுக்கடைக்குப் போன ஒரே ஆள் இவதான்" என்பார்.

இன்று பிரபு குகட்பள்ளியில் இருக்கிறான்; அவர் போன பிறகு நானும் அவனோடுதான். பெரிய கார். டயரில் காற்றுக் குறைந்தால்கூடத் திரையில் எழுதிக் காட்டும். எதையும் மறைக்க முடியாது; அவனும் மறைப்பதில்லை. போன மாதம் குடும்பத்தோடு ஏதோ ரிசார்ட்டுக்குப் போகும் முன்னால் நேராகவே சொன்னான்: "மம்மி, லாங் டிரைவ், உங்களுக்குக் கஷ்டம். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

எனக்கு மூட்டு வலி கிடையாது. மயக்கமும் வராது. அவனுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒருவர் மண்ணில் படுத்துக்கொண்டு பொய் சொன்னார்... இப்போது எல்லாரும் உண்மையைச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள்.