நீர்க்கட்டி கசிந்த அன்று

தவமலருக்கு ஒப்பரேஷன் செய்த அன்று காலை, எங்கள் சர்ஜன் தியேட்டரில் நின்ற எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விசயத்தைத்தான் சொன்னார்.

"கட்டிக்குள்ளை இருக்கிற தண்ணியிலை ஒரு சொட்டும் வெளியிலை சிந்தப்படாது."

தவமலர் புத்தூரில் ஆடு வளர்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நாயின் குடலில் வாழும் ஒரு சின்ன நாடாப்புழுவின் முட்டை எப்படியோ அவருடைய வயிற்றுக்குள் போய், ஈரலில் தங்கி, பல வருடங்களில் தேங்காயளவு நீர்க்கட்டியாக வளர்ந்திருந்தது. தியேட்டர் தாதியான நான் முதல்நாள் வாட்டுக்கு அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், அது எனக்குள்ளை இன்னும் உயிரோடை இருக்குதோ?"

ஓம் என்றேன். அவர் கையை விடவில்லை.

எனக்கும் பயம்தான். அந்தக் கட்டியைப் பற்றி சர்ஜன் எங்களுக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். புழு தன்னுடைய புரதங்களால் உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைத்திருக்குமாம். உடம்பும் அதைச் சுற்றித் தடித்த சவ்வொன்றைக் கட்டி ஒதுக்கிவிடுமாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் புரதத்தை உடம்பு அடையாளம் கண்டு வைத்திருக்கும். கட்டி கிழிந்து அந்தத் தண்ணீர் ஒரேயடியாகப் பரவினால், உடம்பு முழுப்பலத்தோடும் எதிர்க்கக் கிளம்பும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும். மூச்சுக்குழல் சுருங்கும். சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம்.

அன்று சர்ஜனுக்குப் பக்கத்தில் நின்று கருவிகள் கொடுத்தது நான். வயிற்றைத் திறந்ததும், கட்டியைச் சுற்றிக் கடும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணிகளை அடுக்கினோம். சிந்தினாலும் அதில் இருக்கும் நுண்ணிய புழுக்குஞ்சுகள் அங்கேயே சாகட்டும் என்பதற்காக. பிறகு சர்ஜன் ஊசியைக் குத்தித் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கினார். பளிங்கு போலத் தெளிந்த தண்ணீர்.

அப்போதுதான் ஊசிக்குக் கீழே, துணியின் விளிம்பில், மெல்லிய கோடாக ஏதோ இறங்குவதைக் கண்டேன். நான் நனைத்த துணியிலிருந்து வடிகிறதா, கட்டியிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். சர்ஜனின் கண் ஊசியிலேயே இருந்தது. இந்த நேரத்தில் பிழையாகச் சொல்லி அவருடைய கை அசைந்துவிட்டால்? பேசாமல் நின்றேன். அரை நிமிடம் இருக்கும்.

"பிரஷர் இறங்குது," என்றார் மயக்க மருந்து டொக்டர். அடுத்த வசனத்தில் அவருடைய குரல் மாறியிருந்தது. "மூச்சுப் பையை அமத்தேலாமல் கிடக்கு. காத்து உள்ளை போகுதில்லை."

தவமலரை மூடியிருந்த துணியை அவர் தூக்கிப் பார்த்தார். கழுத்தும் நெஞ்சும் சிவந்து தடித்திருந்தன. மொனிட்டரில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சர்ஜன் கசிந்த இடத்தை அமர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மயக்க மருந்து டொக்டர் அட்ரினலின் போட்டார். பிறகு இன்னொரு தடவை போட்டார். தவமலர் செத்தால் அந்த அரை நிமிடம் என்னுடையது என்ற எண்ணம் மட்டும்தான் எனக்குள் இருந்தது.

பிரஷர் மெல்ல ஏறத் தொடங்கியது. மூச்சுப் பை இளகியது. கட்டியை முழுதாக எடுத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

கை கழுவும் இடத்தில் சர்ஜனிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லியிருந்தால் நான் அப்பவே நிப்பாட்டியிருப்பன்," என்றார். "பிழையாய் இருந்தாலும் சொல்லுங்கோ. சரியோ பிழையோ எண்டு பாக்கிறது என்ரை வேலை."

தவமலர் இரண்டு கிழமையில் வீட்டுக்குப் போனார். அந்த அரை நிமிடத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு தியேட்டரில் என் கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். பலமுறை அது பிழையாகத்தான் இருந்தது. சில டொக்டர்மார் முகம் சுளித்தார்கள். புதிதாக வரும் தாதிப் பிள்ளைகளும் கண்டதைச் சொல்லி, அந்த முகச்சுளிப்புக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.