முட்டைக்குப் பின் ஒரு சந்தேஷ்

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நான் ஜாதவ்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். செருப்புக் கடித்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. காளிகாட்டில் டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். அவர் சொன்னது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அந்த இடத்தில் மீன் சாப்பிட வேண்டும், மீன் ஆகாதென்றால் முட்டை. இல்லாவிட்டால் புண் வந்த காலை ஒரு நாள் வெட்டி எடுக்க வேண்டி வரும்.

நாங்கள் வங்காளத்துக்குக் குடிவந்த திருநெல்வேலிச் சைவர்கள். அம்மா இரண்டு நாள் அழுதாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மருந்துன்னு நெனச்சுக்கிடுங்க. குளிக்கதுக்கு முந்தி மாடியில போய்த் தின்னுட்டு வந்துருங்க. குளிச்சாச் சரியாப் போச்சு."

மாடி வீட்டு வங்காளி அம்மாளை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். அவர் தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். அப்பா விழுங்கிவிட்டுக் கீழே வந்து தலைக்குக் குளிப்பார், திருநீறு பூசுவார், பிறகு எப்போதும்போல் தட்டு நிறையச் சோற்றுடன் உட்காருவார்.

"முட்டை சோத்துக்குப் பதிலாம்மா!" என்று கத்தினேன்.

"மருந்து தின்னா சாப்பாட்டக் கொறைப்பாங்களாட்டி? ஆபீசுக்குப் போற மனுசன் அரைவயிறோட போகவா?"

அப்பா தயிருக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் அவரைக் கூப்பிட மாடிக்குப் போனேன். முட்டைக்குப் பக்கத்தில் சந்தேஷ் இருந்தது. வந்தவரை இனிப்புக் கொடுக்காமல் அனுப்புவது அந்த வீட்டில் பழக்கமில்லை.

"வெறும் பால்தானே, ஒன்றும் செய்யாது. பாவம், முட்டை வாடை போக வேண்டாமா?" என்று மாஷிமா வங்காளியில் கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தார். யாரைப் போய்த் திட்டுவது? எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள்.

ஆனாலும் சண்டை போட்டேன். சந்தேஷ் நின்றது, சோறு நிற்கவில்லை. இதற்கிடையில் இன்னொரு டாக்டர், மஞ்சள் கரு இதயத்துக்கு ஆகாது என்றார். அதிலிருந்து வீட்டில் முட்டை நல்லதா கெட்டதா என்பதுதான் பேச்சு. சோற்றைப் பற்றி என்னைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. புண் அது பாட்டுக்குக் கறுத்துக்கொண்டே வந்தது.

பூஜை விடுமுறைக்கு முன்பே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே முட்டை வேண்டாம்லா?"

"வேண்டவே வேண்டாம். அந்தப் பாவந்தான் நம்மளப் போட்டு இப்படி அடிக்கு" என்று அம்மா அழுதாள்.

கொஞ்சம் தேறியதும் அவள் வீட்டிலிருந்து டிபன் காரியர் கொண்டு வந்தாள். அடுக்கடுக்காகச் சோறு. அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மற்றக் காலைப் பார்த்தேன். இனிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு விக்கல் எடுத்தது, தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.