லாபம் சொல்லாத எண்ணிக்கை

கம்பஸிலிருந்து மகள் போன் எடுத்தாலே, காய்ச்சலோ, பஸ்ஸில் விழுந்தாளோ, யாராவது ஏதும் சொல்லிவிட்டார்களோ என்று ஒரு நொடியில் பத்து நினைப்பு வரும். அன்றைக்கு அவள் கேட்டது என் குரலை.

"வாப்பா, நீங்க தேங்கா எண்ணக்குள்ள இழுத்து இழுத்து எண்ணுவீங்களே, அத ரெக்கோட் பண்ணி அனுப்புங்க. பாடத்துக்குத் தேவ."

"தேங்கா எண்ணுறதுல என்ன கம்பியூட்டர் படிப்பு?"

அவள் விளக்கினாள். அவர்களுடைய மிஸ் கம்பியூட்டரைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் படிப்பிக்கிறவர். வகுப்பில் முதலில் எல்லோரும் கை தட்டுவார்களாம். எத்தனை தட்டுக்குப் பிறகு தாளம் திரும்பத் தொடங்குகிறது என்று பிடித்து, அதைக் கம்பியூட்டருக்கு விளங்குகிற மாதிரி எழுதுவார்களாம். இந்த முறை ஒவ்வொருவரும் வீட்டுச் சத்தம் ஒன்றிலிருந்து தாளம் செய்ய வேண்டும். நடனம் படிக்கிற பிள்ளைகள் அதற்கு ஆடுவார்கள். சோதனை மாதிரி இதற்குப் புள்ளியும் உண்டு.

"பாண் ரொட்டி விக்கிறவன்ட ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வருதே, அத எடு."

"அது அவன்ட சத்தம், வாப்பா. எனக்கு உங்கட சத்தம்தான் வேணும்."

முந்தல், மதுரங்குளிப் பக்கத்துத் தோட்டங்களில் தேங்காய் எண்ணுவது என் வேலை. கைக்கு இரண்டாக நான்கு காயைத் தூக்கி எறிந்தால் அது ஒரு எண்ணிக்கை. இருபத்தைந்து எறி நூறு. நூறானதும் ஒரு காயை அடையாளத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவோம். முதல் எறிக்கு ஒண்டு என்று சொல்வதில்லை. பரக்கத்தாகப் பெருகட்டும் என்று "லாபம்" என்போம். லாபம், ரெண்டு, மூண்டு என்று போகும்.

அந்தச் சொல்தான் எனக்குப் பயம். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, புதுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சேர் என்னை எழுப்பி மேசையில் கிடந்த பென்சில்களை எண்ணச் சொன்னார். என் வாப்பாவோடு காய் எண்ணிப் பழகிய வாய். "லாபம், ரெண்டு" என்று தொடங்கிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் அதுதான். "டேய் லாபம், பென்சில் வித்து முடிஞ்சா?" என்று கேட்பார்கள். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கஷ்டமும் இருந்தது. ஆனால் விட்ட பிறகு அந்தப் பெயர் காதில் விழாதது பெரிய நிம்மதி.

கம்பஸில் என் மகளை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து வீட்டார் நான் பாட்டுப் படிக்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்தினேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒண்டிலிருந்து இருபத்தைந்து வரை திருத்தமாக எண்ணிப் பதிவு செய்தேன்.

"என்ன, நியூஸ் வாசிக்கிறீங்களா?" என்றாள் என் மனைவி.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் மகள் கேட்டாள். "வாப்பா, முதல்ல லாபம் எண்டு சொல்லுறல்லயா?"

"அது அந்தக் காலம், புள்ள. இப்ப ஒருத்தரும் சொல்லுறல்ல."

அன்று காலையிலும் தோட்டத்தில் சொல்லியிருந்தேன். எத்தனை தரம் என்று கேட்டால் கணக்கில்லை.

பிள்ளைகள் செய்ததைக் காட்டுகிற நாளுக்குப் பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் போய் இருந்தேன். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று, துணியால் செய்த உருண்டைகளைக் குனிந்து எடுத்து ஒருவருக்கொருவர் எறிந்து, நாங்கள் காய்க்குச் செய்கிற மாதிரியே இருபத்தைந்துக்கு ஒன்றை ஒதுக்கி வைத்து ஆடினார்கள். மகள் கம்பியூட்டரில் எதையோ தட்டினாள். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதைத் துண்டு துண்டாக வெட்டி மேளச் சத்தத்தோடு கோர்த்திருந்தாள். நானா இது என்று இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று என்று உருண்டைகள் பறந்தன. இருபத்தைந்து முடிந்து ஒண்டு வந்த இடத்தில் ஓர் உருண்டை கீழே விழுந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாம் சுற்றில் இருவருடைய உருண்டைகளும் விழுந்தன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சுத்து திரும்புற இடத்துல ஏன் தடுக்குது?" என்று மிஸ் கேட்டார்.

"நான் எழுதினதுல பிழை, மிஸ்," என்றாள் மகள். கம்பியூட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

எனக்குத் தெரியும். லாஆபம் என்று நாங்கள் இழுக்கிற அந்த நேரத்தில்தான் அடையாளக் காயை வைத்து, இடுப்பை நிமிர்த்தி, திரும்பக் குனிந்து காயைப் பிடிப்பது. ஒண்டு என்ற சொல்லில் குனிவதற்கு நேரமில்லை. கதிரையில் சும்மா இருந்து எண்ணியவனுக்கு அது எங்கே தெரிந்தது? எழும்பிச் சொல்லப் போனேன். பென்சில்களை எண்ணிய பையன் என்னை இருத்தி வைத்துவிட்டான். ஒரு கிழமைக்குள் திருத்திக் காட்டினால் புள்ளி, இல்லாவிட்டால் அந்தப் பாடம் போச்சு என்று மிஸ் சொன்னார். வெளியே வந்ததும், "நீங்கதானா அந்தக் குரல்? நல்லா இருந்திச்சு," என்று ரோல்ஸும் பிளேன்டீயும் தந்தார்.

மூன்று நாள் வழமைபோலக் காய் எண்ணப் போய்வந்தேன். நாலாம் நாள், தோட்டத்தில் என்னோடு எண்ணுகிற, அண்ணன் முறையான நானாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த காயைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"பெத்த மகளுக்கே லாபத்த ஒளிச்ச ஆள நான் இப்பதான் பாக்கிறன். எடு போன!"

எடுத்தேன். சொன்னேன். லாபம் என்று இழுக்கிற நேரத்தில் என்ன செய்வோம் என்பதையும் சொன்னேன்.

"மூண்டு நாளா நான் எழுதினதையே திருப்பித் திருப்பிப் பாக்கிறன், வாப்பா," என்றாள். "ஒரு பிழையும் கிடைக்கல்ல. எனக்கு இந்தப் படிப்புச் சரிவராது எண்டு நினைச்சிட்டன்."

தோட்டத்தில் நானாவோடு நிற்கிறேன் என்றேன். அவள் உடனே சொன்னாள். "நானாட்ட போனக் குடுங்க. நீங்க காயத் தூக்குங்க. எறிஞ்சுகொண்டே எண்ணுங்க."

நானா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்தேன். முதல் லாபம் குரல் உடைந்து வந்தது. நிறுத்தப் போனேன்; நானா தலையை ஆட்டி, எண்ணு என்றார். முந்நூறு காய் எண்ணி முடித்தேன்.

கிழமை முடிய ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சுற்றுத் திரும்பும் இடத்தில் என் குரல் லாஆபம் என்று இழுக்க, ஆடுகிற பிள்ளைகள் நிமிர்ந்து, குனிந்து, எடுத்து எறிந்தார்கள். ஒன்றும் விழவில்லை. புள்ளியும் கிடைத்துவிட்டது. உடைந்த அந்த முதல் லாபத்தை அவள் வெட்டாமல் விட்டிருந்தாள்.

போன் எடுத்துக் கேட்டேன். "பிழை யார்ட எண்டு மிஸ் கேட்டாவா?"

"ஓம், கேட்டா."

"என்ன சொன்ன?"

"நான்தான் சரியாக் கேட்டு எழுதல்ல எண்டன்," என்றாள். "சாப்பிட்டீங்களா, வாப்பா?"

ஓம் என்றேன். அதுவும் பொய்தான்.